வாசலில் கழற்றிய ஷூ

என் மனைவியின் வலது பாதம் சரியாகாமல் போனதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் படி கட்டிய கொத்தனார், மதுரை டாக்டர், ஃபிசியோதெரபிக்காரன், எங்கள் தெருவின் சுளுக்கு நிபுணர்கள் என்று ஒவ்வொருவர் மேலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழியைப் பூசிவிட்டு, கடைசியில் நான் வெள்ளை வேட்டியோடு நிற்பேன். அந்த வித்தை எனக்கு நன்றாக வரும். பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவன் நான். விபத்து நடந்தால் யார் மேல் தப்பு என்று எழுதிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. எழுதிக் கொடுத்த எதிலும் போர்மேன் மேல் தப்பு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் வேதியியல் படித்தவன். குடியிருப்பது விருதுநகரில். ஆமத்தூரைத் தாண்டி சிவகாசிப் பக்கம் இருந்த ஓர் ஆலையில் ஓய்வுபெறும் வரை வேலை பார்த்தேன். என் உத்தியோகத்தில் பாதி, மற்றவர்களின் பாதங்களைப் பார்ப்பது. வெடிமருந்து கலக்கும் அறையை அங்கே மருந்து ரூம் என்பார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் போக வேண்டும். செருப்பின் அடியில் ஒட்டிய ஒரு சின்னக் கல் தரையில் உரசினால்கூட அறை இருக்காது. அதனால் தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்போம். கோட்டுக்கு அந்தப் பக்கம் செருப்போடு ஒரு கால் தெரிந்தால் நான் போடும் கூச்சல் கேட்டு வேப்பமரத்துக் காக்காய் பறக்கும். உயிர்களைக் காப்பாற்றுவதற்காகக் கத்துகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதில் பாதி உண்மை. கத்துவது எனக்குப் பிடித்திருந்தது என்பது மீதி.

ஓய்வுபெற்றபோது மாலையும் சந்தனமும் கொடுத்து அனுப்பினார்கள். மஞ்சள் கோட்டை நானே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். செருப்போடு வீட்டுக்குள் நுழையாதது எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் எங்கள் தெருவில் மற்றவர்கள் அதில் கொஞ்சம் நெகிழ்வார்கள். வயதானவர்கள் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள ரப்பர் செருப்பு வைத்திருப்பார்கள். குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவரைப் பின்வாசல் வழியாக அப்படியே விட்டுவிடுவார்கள். என் வீட்டில் அதெல்லாம் கிடையாது. நிலைப்படிக்கு உள்ளே எல்லோரும் வெறுங்கால். மகன் சென்னையிலிருந்து கூட்டிவந்த நண்பர்கள் சாக்ஸோடு நடந்ததைக்கூட நான் ரசிக்கவில்லை.

மனைவி தையல் தைப்பவள். முன்னறை ஜன்னலோரம் அவளுடைய கால்மிதி மெஷின் இருக்கிறது. தெருவில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அளவு அவளுக்கு மனப்பாடம். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் துணிகள் கட்டில் மேல் மலையாகக் குவிந்திருக்கும். எனக்கு ஆலையில் சீசன் என்றால் அவளுக்கு வீட்டில் சீசன். நான் ஓய்வுபெற்றுவிட்டேன். அவள் பெறவில்லை, பெறும் எண்ணமும் இல்லை.

அன்று அவள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வெறும் வாளியோடு இறங்கி வந்தாள். கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்திருக்கிறாள். இன்னும் ஒரு படி இருந்தது. விரல்கள் மடங்கி, பாதம் நட்டுக்குத்தலாக நிற்க, உடம்பின் எடை முழுவதும் அதன் மேல் இறங்கிவிட்டது. சத்தம் கேட்டு நான் போனபோது தரையில் உட்கார்ந்து பாதத்தின் நடுவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எதோ முறிஞ்ச மாதிரி இருக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா?"

"முறிஞ்சா இப்படி உக்காந்து பேச மாட்ட. சுளுக்கு," என்றேன்.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் மருத்துவ அறிவு இல்லை. அன்று மதியம் சிவகாசியில் ஒரு பாதுகாப்பு வகுப்பில் நான் பேச வேண்டும். சீசனுக்கு முன்பு புதிய மேற்பார்வையாளர்களுக்கு நடத்துவது. பேசி முடித்ததும் சால்வை போர்த்துவார்கள். அந்தச் சால்வைகள் முகம் துடைக்கக்கூட ஆகாது. தண்ணீரை உறிஞ்சாத துணி. அப்படி ஒன்றுக்காகத்தான் போனேன்.

போவதற்கு முன் ஓர் ஏற்பாடு செய்தேன். எங்கள் பக்கம் இரட்டைப் பிள்ளை பெற்றவள் தொட்டு வழித்தால் சுளுக்கு போய்விடும் என்பார்கள். அடுத்த தெருவில் அப்படி ஓர் அம்மாள் உண்டு. கருவுக்கும் கணுக்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த அம்மாளை வைத்து நான் பல வருடம் நண்பர்களிடம் கேலி பேசியவன். அன்று நானே போய்க் கூப்பிட்டு வந்தேன். படித்தவன் நம்பிக்கையில்லாமலே செய்கிற மூடத்தனம், நம்பிச் செய்கிறவர்களின் மூடத்தனத்தைவிடக் கேவலமானது. அந்த அம்மாளாவது நம்பினாள்.

நல்லெண்ணெயைச் சூடு காட்டி, பாதத்தின் நடுவில் கட்டை விரலை ஊன்றி வழித்தாள்.

"மெல்லக்கா, உசுரு போகுது!"

"போகத்தான் செய்யும் தாயி. நரம்பு பெரண்டு கெடக்குல்ல." என் பக்கம் திரும்பினாள். "எலும்புக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நீங்க தெம்பாப் போயிட்டு வாங்க."

தெம்பாகப் போனேன். சின்ன அறிகுறியை அலட்சியப்படுத்தாதீர்கள் என்று இளைஞர்களுக்கு ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று சொன்னார்கள்.

அடுத்த சில நாட்கள் வழிப்பது தொடர்ந்தது. வீக்கம் வடியவில்லை. ஒரு காலையில் அவள் காலை நீட்டி உள்ளங்காலைக் காட்டினாள். அடியில், நடுப்பகுதியில், நாவல்பழம் நசுங்கியது போல நீலம். அதைப் பார்த்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே எலும்பு டாக்டர் அவளை அந்தக் காலை ஊன்றி நிற்க வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். படுத்தபடி எடுத்தால் தெரியாத விலகல், நின்றால் தெரியுமாம். தெரிந்தது. பாதத்தின் நடுவில், விரல்களுக்குப் போகும் நீள எலும்புகள் வந்து சேரும் மூட்டு பிசகி, எலும்புகளுக்கு நடுவே இடைவெளி விழுந்திருந்தது. பாதத்தின் வளைவைத் தாங்குகிற இடமே அதுதான் என்று விளக்கினார்.

"இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?"

"தெருவுல ஒரு அம்மா வழிச்சு விட்டாங்க," என்றேன். யார் கூப்பிட்டு வந்தது என்பதைச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. என்னை ஒரு முறை பார்த்தாள், அவ்வளவுதான்.

பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்துக் கட்டினார்கள். பல வாரம் காலைத் தரையில் வைக்கக் கூடாது. அந்த வாரங்களில் எங்கள் வீட்டுக்கு வந்த கூட்டத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஆப்பிளை வாங்கிக்கொண்டு வருவார்கள். கட்டுப் போட்ட காலைப் பார்ப்பார்கள். அதன் பிறகு தங்கள் சித்தப்பாவின் கால், சம்பந்தியின் இடுப்பு, பக்கத்து வீட்டுக்காரியின் முழங்கால் என்று ஆரம்பிப்பார்கள். கதையில் வருகிற யாரும் நன்றாக நடந்ததில்லை. "ஆட்டுக்கால் சூப்பு குடுங்க, பிளேட்டெல்லாம் எதுக்கு வச்சீக?" என்று ஒருவர். பிளேட் வைத்துத் தைத்து மூடிய பிறகு இதைக் கேட்டால் என்ன செய்வது? இன்னொருவர், மஞ்சள் போடாமல் வெளுத்துப்போயிருந்த அவளுடைய மற்றொரு காலை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, வீக்கம் குறைந்திருப்பதாகச் சொன்னார்.

கட்டு பிரித்ததும் ஃபிசியோதெரபி. எங்கள் ஊரில் அந்த நிலையம் ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் இருக்கிறது. கால் ஒடிந்தவர்கள், கால் நன்றாகக் குணமான பிறகுதான் ஏறக்கூடிய செங்குத்துப் படி. லிஃப்ட் இல்லையா என்று கேட்டேன்.

"இதுவே ஒரு எக்சர்சைஸ்தான் அப்பா," என்று சிரித்தான் அந்த ஃபிசியோதெரபிக்காரன். பார்க்கிற கிழவர்களையெல்லாம் அப்பா என்பான். சுவர் முழுக்கத் தோலுரித்த மனிதர்களின் படங்கள், மூலையில் ஓயாமல் பாடும் ஒரு ஸ்பீக்கர். யார் எதைச் செய்தாலும் "சூப்பர்ம்மா, செமம்மா!" முடியைக் கோதிக்கொண்டு போனைப் பார்ப்பான், வந்து ஒரு விரலை அசைத்துவிட்டுத் திரும்பவும் போனைப் பார்ப்பான். அவன் மேல் எனக்கு மதிப்பு வரவில்லை. இன்றும் இல்லை. ஆனால் அவன் சொன்னது சரி. பிடிக்காதவன் வாயிலிருந்து வந்தாலும் சரியான விஷயம் சரிதான் என்பதை ஆலையில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

தரையில் விரித்த துண்டைக் கால்விரலால் சுருட்டி இழுக்க வேண்டும். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். கோலிக்குண்டுகளை ஒவ்வொன்றாகக் கால்விரலால் கவ்விக் கிண்ணத்தில் போட வேண்டும். கோலிக்குண்டு நழுவி ஓடும்போது அவள் கண்ணில் நீர் முட்டும். தோள் இறுகிப்போய் அங்கே வந்துகொண்டிருந்த ஒரு மிளகாய் வற்றல் வியாபாரிதான் அவளைச் சிரிக்க வைப்பார்.

"தங்கச்சி, கோலி ஆட்டத்துல செயிச்சிட்டா அடுத்து பம்பரமா?"

"மொதல்ல உங்க கைய மேல தூக்குங்க அண்ணாச்சி. சாட்டைய யாரு சுத்துறது?"

கூடமே சிரித்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். சீசனுக்குள் அந்தப் பாதம் மெஷினின் மிதிபலகையை ஆட்ட வேண்டும். குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி அழுத்துகிற வேலை அது. நடுப்பாதம் தாங்காவிட்டால் நடக்காது. "மிதிச்சிருவேனா தம்பி?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். "மிதிப்பீங்கம்மா. ஆனா ஷூவ மட்டும் விட்றாதீங்க" என்பான்.

அந்த ஷூதான் விஷயம். மடங்காத தடித்த அடி, உள்ளே வளைவைத் தாங்க ஒரு மெத்தை. குளிக்கும்போதும் படுக்கும்போதும் தவிர எப்போதும் போட்டிருக்க வேண்டும், வீட்டுக்குள்ளும். வெறுங்காலோடு தரையில் நடந்தால் வளைவு இறங்கிவிடும் என்று டாக்டரும் சொன்னார், இவனும் சொன்னான்.

முதல் நாள் அவள் அதைப் போட்டுக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கி நிலைப்படிக்கு வந்தாள். நான் அந்த ஷூவைப் பார்த்தேன். அவள் நின்றுவிட்டாள்.

"புதுசுதாங்க. இன்னும் தெருவ சரியா மிதிக்கக்கூட இல்ல."

"ஷூ ஷூதான்," என்றேன்.

வேதியியல் படித்தவன் பேசிய பேச்சு இது.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், விஷயம் முடிந்திருக்கும். நான் செய்தது வேறு. மறுநாள் வாசலில் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்து வசதியாகக் கழற்றட்டும் என்று. அதை அன்பு என்றே நினைத்தேன். அக்கம்பக்கத்தாரும் அப்படித்தான் சொன்னார்கள். "பொண்டாட்டிக்கு எம்புட்டு பாத்துப் பாத்துச் செய்றாரு!" அவள் நாற்காலியில் உட்கார்ந்து கழற்றுவாள். அங்கிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெறும் மொசைக் தரையில் சமையலறைக்கும் மெஷினுக்குமாக நாள் முழுவதும் நடப்பாள். என்னோடு வாழ்ந்து வாழ்ந்து, என் முகத்தைப் பார்த்தே நடந்துகொள்ளப் பழகிவிட்டவள். அந்தப் பழக்கத்தை நான் ஒழுக்கம் என்று பெயரிட்டு வைத்திருந்தேன்.

பெயிண்ட் கடை மாடிக்காரன் கேட்பான்: "வீட்ல ஷூ போடுறாங்களா அப்பா?"

அவள் வாயைத் திறப்பதற்கு முன் நான் சொல்லிவிடுவேன்: "போடுறா, போடுறா."

சாயங்காலமானால் பாதம் வீங்கியது. வலி குறையவில்லை. ஷூ போட்டும் இப்படி என்றால் தசைக்கு வலு போதவில்லை என்று அவன் முடிவு செய்து பயிற்சியைக் கூட்டினான். நான் கொடுத்த பொய் விவரத்தை வைத்து அவன் ஒழுங்காகத்தான் யோசித்தான். கூடிய பயிற்சி வலியைக் கூட்டியது. சீசன் வந்தது. துணிகள் கட்டிலுக்கு வந்தன. அவள் மெஷினில் உட்கார்ந்து வெறுங்காலை மிதிபலகையில் வைத்து நாலு மிதி மிதிப்பாள், நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். கொஞ்ச நாளில் சிலர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு கடைத்தெரு டெய்லரிடம் போனார்கள். திருப்பிக் கொடுக்கும்போது அவள் அந்தத் துணிகளைத் திரும்ப மடித்து, ஓரம் சரிசெய்து கொடுத்தாள்.

ஒருநாள் ஃபிசியோதெரபி மாடியில் கம்பியைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி நிற்கச் சொன்னான். இடது கால் எழும்பியது. வலது எழும்பவில்லை. முகம் சிவக்க முயன்றாள்.

"முயற்சி பண்ணுங்கம்மா. இந்நேரம் வந்திருக்கணுமே," என்றான். முதல் முறையாக 'சூப்பர்' சொல்லவில்லை.

"தங்கச்சி வீட்ல சும்மாவே உக்காந்திருக்கு போல. அண்ணாச்சி ராணி மாதிரி வச்சிருக்காரு," என்றார் வியாபாரி.

அவள் கம்பியை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"தம்பி, நான் வீட்டுல ஷூ போடுறதே இல்ல. வாசல்லயே கழத்திருவேன். அவுகளுக்குப் புடிக்காது."

"நான் எப்பக் கழத்தச் சொன்னேன்?" என்றேன். "நாற்காலிதான போட்டேன்?"

"ஆமா, போட்டீக. எதுக்குப் போட்டீக? உக்காந்து சாமி கும்பிடவா?" அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "நான் என்ன மருந்து ரூம்லயா நடமாடுறேன்? என் கால்பட்டு வீடு வெடிச்சிருமா?"

வியாபாரி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வேகத்தில் தோள் பிடித்துக்கொண்டு "அய்யோ அம்மா" என்று உட்கார்ந்தார். அவரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. மாடிக்காரன் ஸ்பீக்கரை அணைத்தான்.

"போடுறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான். அப்பா என்ற சொல் அதில் இல்லை.

அப்போது நான் சொன்ன பதிலைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. "நீ கட்டாயம்னு அழுத்திச் சொல்லலயேப்பா," என்றேன். எங்களைப் பார்த்த ஒவ்வொரு நாளும் சொன்னவன் அவன். அவனிடம் இருந்த ஒரே நல்ல பழக்கத்தையும் அத்தனை பேர் முன்னால் மறுத்தேன். விபத்து அறிக்கை எழுதிய கை சும்மா இருக்குமா?

திரும்பவும் மதுரைக்குப் போனோம். பிளேட் அசையவில்லை. ஆனால் வளைவு இறங்கிவிட்டது, மூட்டு தேய ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். வேண்டுமானால் இன்னொரு அறுவை செய்து அந்த மூட்டை அசையாமல் சேர்த்து வைக்கலாம். இல்லையென்றால் ஷூவோடும் வலியோடும் காலம் தள்ளலாம். எதனால் இப்படி ஆனது என்று கேட்டேன். காயமே பெரிது, தாமதமாக வந்தது, வழித்தது, வெறுங்காலில் நடந்தது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

அந்தச் சந்தேகத்தை நான் பஸ்ஸில் மிட்டாய் போலச் சப்பிக்கொண்டு வந்தேன். பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டரே சொல்லிவிட்டார். திருமங்கலம் தாண்டியதும் ஜன்னலோரம் இருந்த அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"சந்தோசமா இருக்கீகளா?"

"என்னது?"

"உங்களாலதான்னு அவரு சொல்லலல்ல. முகத்துல தெரியுது."

விருதுநகரில் இறங்கியதும், பஸ் நிலையத்து இரைச்சலுக்கு நடுவில், என்னால்தான் என்று சொன்னேன். சொன்ன இடம் அதற்கு ஏற்ற இடமில்லை. பக்கத்தில் ஒருவன் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தான். "தெரியும். ஆட்டோவக் கூப்பிடுங்க," என்றாள்.

இன்னொரு அறுவை வேண்டாம் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். வீட்டுக்குள் ஷூவோடு நடக்கிறாள். நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மொசைக்கில் அந்தத் தடித்த அடி படும் சத்தம் கேட்டால் இப்போதும் என் தொண்டையில் கத்தல் வந்து நிற்கிறது. விழுங்குகிறேன். அது ஒரு சாதனையே அல்ல.

மகன் மெஷினுக்கு மோட்டார் வாங்கி அனுப்பினான். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நான் சொல்றதுக்கு முன்னாடியே ஓடிருது, பேய் மாதிரி" என்று கழற்றச் சொன்னாள். ஒற்றைக் காலால் மிதித்தால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றி நூல் அறுகிறது. வலது காலையும் சேர்த்து மிதித்தால் ஒரு ஜாக்கெட் கை தைப்பதற்குள் பாதம் மறுத்துவிடுகிறது. அதனால் நான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மிதிபலகையை இரண்டு கையாலும் அழுத்துகிறேன். பெரிய வேலை ஒன்றுமில்லை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அது அப்படியில்லை. வளைவு வந்தால் மெதுவாக, நேர்க்கோட்டில் சீராக, முனையில் சட்டென்று நிற்க வேண்டும். எனக்கு மேலே இருக்கும் துணி எனக்குத் தெரியாது. அவள் குரல் மட்டும்தான் தெரியும்.

"மெல்ல... மெல்லங்க. லாரியா ஓட்டுறீக? இப்பப் போங்க. போங்க. நிறுத்துங்க! நிறுத்துங்கன்னா நிறுத்தணும்."

நிறுத்தினேன். ஆனால் ஊசி நாலு தையல் தாண்டிப் போய்விட்டது. துணியை வெளியே இழுக்கும் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தால், அவள் பிளேடு முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் கையைப் பலகை மேல் வைத்தபடி, அவள் போகச் சொல்வதற்காகக் காத்திருந்தேன்.